கோர்ட் மார்ஷல்: ஆமிக் கோடும் நேவிக் கோடும்

யாழ்ப்பாணம் குருநகர் இறங்குதுறையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நேவிக்காரன் பிழை விட்டா ஆமிக் கோட்டிலையோ விசாரிக்கிறது?" அவர் வாசித்த செய்தியில், கடற்படை வீரர் ஒருவர் 'இராணுவ நீதிமன்றத்தில்' நிறுத்தப்பட்டார் என்று இருந்தது. ஐயா கேட்டது நியாயம். படையினரின் குற்றங்களை விசாரிக்கும் 'கோர்ட் மார்ஷல்' என்ற மன்றுக்குப் பேப்பர் போட்ட அந்தச் சொல்தான் அவரைக் குழப்பிவிட்டது.

கோர்ட் மார்ஷல் என்பதில் வரும் 'மார்ஷல்' இலத்தீன் வழி வந்தது. உரோமரின் போர்த்தெய்வம் மார்ஸ். செவ்வாய்க் கோளுக்கும் அந்தப் பெயர்தான். மார்ஸுக்கு உரியது, போருக்கு உரியது என்ற பொருளில் பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. 'பீல்ட் மார்ஷல்' என்ற பதவியில் இருப்பது வேறொரு சொல். அதன் வேர் பழைய ஜெர்மானிய மொழியில் குதிரை பராமரிப்பவன் என்ற பொருள் தந்தது. லாயக்காரனின் பெயர் மெல்ல உயர்ந்து தளபதியின் பட்டமாகிவிட்டது. ஆங்கில எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. தமிழில் எழுதும்போது அது மறைந்துவிடுவதால், கோர்ட் மார்ஷல் என்றால் மார்ஷல் பதவியில் உள்ளவர் நடத்தும் விசாரணை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, கடலில் இது எப்படி நடக்கிறது? கப்பல் கரையை விட்டுப் போனால் பொலிசும் இல்லை, நீதவானும் இல்லை. அதனால் கப்பல் தலைவனே சிறு குற்றங்களை விசாரித்துத் தண்டிக்கலாம். லீவு முடிந்து பிந்தி வருவது, சொன்ன வேலையைச் செய்யாமல் விடுவது போன்றவை அவரோடு முடிந்துவிடும். பாரிய குற்றம் என்றால்தான் கோர்ட் மார்ஷல் கூடும். அதிகாரிகள் பலர் சேர்ந்து நீதிபதிகளாக அமர்வார்கள். சட்டம் எடுத்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பார். ஆனால் தீர்ப்பில் அவருக்குப் பங்கில்லை.

பிரித்தானியக் கடற்படையில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரியின் வாளை மேசையில் வைத்துவிடுவார்கள். தீர்ப்புக் கேட்க அவர் உள்ளே வரும்போது வாள்முனை தன்னை நோக்கி இருந்தால், வாய் திறந்து யாரும் சொல்லுமுன்பே விஷயம் விளங்கிவிடும். மினோர்காத் தீவைக் காக்க முழு முயற்சி எடுக்கவில்லை என்று அட்மிரல் ஜோன் பிங்கை இப்படியொரு மன்றம் குற்றவாளியாகக் கண்டது. கருணை காட்டும்படி அதே நீதிபதிகள் கேட்டும் பலனில்லை. 1757 மார்ச் 14 அன்று கப்பல் தளத்திலேயே அவரைச் சுட்டார்கள்.

நமது இலங்கைக் கடற்படைக்குத் தனிச் சட்டம் உண்டு: 1950ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம். தரைப்படைக்கு 1949இலேயே வேறொன்று வந்துவிட்டது. ஆகவே நேவிக்காரரை விசாரிப்பது நேவியின் மன்று. தமிழ்நாட்டில் 'இராணுவம்' என்றால் பொதுவாகப் படை என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கே அப்படியில்லை. இராணுவம் என்றால் தரைப்படை மட்டும்தான், சனத்தின் வாயில் ஆமி. அதனால் 'இராணுவ நீதிமன்றம்' நமக்குப் பொருந்தாது. சிங்களத்தில் 'யுத்தாதிகரணய' என்கிறார்கள். அது மார்ஸுக்குக் கிட்ட நிற்கிறது. ஆனால் தமிழில் 'போர் நீதிமன்றம்' என்று எழுதினால் போர்க்குற்ற விசாரணை என்றல்லவா வாசிப்பார்கள்? முப்படைக்கும் பொருந்துவது 'படைத்துறை நீதிமன்றம்'. சுருக்கமாகப் 'படைமன்று' என்றாலும் காதுக்கு நன்றாகவே இருக்கிறது.

அதை 'நீதிமன்றம்' என்று சொல்லலாமா என்பதே இங்கே பெரிய வழக்காகியிருக்கிறது. 2010இல் முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்குக் கோர்ட் மார்ஷல் 30 மாதச் சிறை விதித்தது. அவருடைய நாடாளுமன்ற ஆசனமும் பறிபோனது. தகுதியிழப்பைக் கூறும் அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரையில் உள்ள 'நீதிமன்றம்' என்ற சொல்லுக்குள் கோர்ட் மார்ஷலும் அடங்குமா என்ற கேள்வி எழுந்தது. அடங்கும் என்று 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது.

ஐயாவுக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. "அப்ப, நேவி பிடிக்கிற எங்கட ஆக்களையும் அங்கதானே கொண்டு போவாங்கள்?" இல்லை. இன்று படைமன்று படைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு உரியது. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது 'மார்ஷல் லோ' எனப்படும் படை ஆட்சி பிரகடனமானதால் சாதாரண மக்களும் அப்படி விசாரிக்கப்பட்டார்கள். பொன்னம்பலம் இராமநாதன் அதை எதிர்த்துச் சட்டசபையில் குரல் கொடுத்தார். இன்றைக்குக் கடலில் பிடிபடும் மீனவர் போவது ஊர்காவற்றுறை போன்ற இடத்திலுள்ள நீதவான் நீதிமன்றுக்குத்தான். அதைச் சொன்னதும் ஐயா தலையாட்டிவிட்டு மீண்டும் வலையை எடுத்தார்.