பிரெஞ்சு மேஜர்: முதல் செமஸ்டரில் பிரெஞ்சைத் தள்ளிப்போடாதீர்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழித்துறை மாணவர்களுக்குப் பாடத்தேர்வு ஆலோசகராக இருக்கிறேன். ஜூன், ஜூலையில் ஓரியன்டேஷன் நடக்கும்போது, பிரெஞ்சை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுத்த புது மாணவர்கள் பலர் என்னிடம் ஒன்றையே சொல்கிறார்கள்: "பொதுப் பாடங்களை முதல்ல முடிச்சுடறேன் மேடம், பிரெஞ்சை அடுத்த வருஷம் எடுத்துக்கறேன்." தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளிடம் இதை அதிகமாகவே கேட்கிறேன். கஷ்டமானதைப் பிறகு பார்க்கலாம், முதல் செமஸ்டரில் ஜிபிஏவை (மதிப்பெண் சராசரியை) காப்பாற்றிக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

மொழிப் பாடங்கள் சங்கிலியாகக் கோத்தவை. பல கல்லூரிகளில் 101, 102, 201, 202 என்று எண் கொடுத்திருப்பார்கள். ஒன்றைத் தேறாமல் அடுத்ததில் சேர முடியாது. இலக்கியம், ஒலிப்பியல், கட்டுரை எழுதுதல் போன்ற 300 வரிசைப் பாடங்கள் அதற்கு அப்புறம்தான். மேஜருக்கான ஏறத்தாழ 30 கிரெடிட்டில் (பட்டத்துக்குக் கணக்காகும் பாட அலகுகளில்) பெரும்பகுதி அந்த மேல்நிலைப் பாடங்களிலிருந்துதான் வரவேண்டும். முதல் செமஸ்டரிலேயே 101-ல் தொடங்குகிறவரே மூன்றாம் ஆண்டில்தான் 300-ஐத் தொடுவார். சிறிய துறைகளில் 101, 201 இரண்டும் ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டரில் மட்டுமே நடக்கும். அங்கே ஒரு செமஸ்டர் தள்ளிப்போட்டால் ஒரு வருடம் போய்விடும்.

மூன்றாம் ஆண்டு என்பது பிரான்ஸ் போய்ப் படிக்கும் ஆண்டும்கூட. 1923-ல் டெலவேர் பல்கலைக்கழகம் எட்டு மாணவர்களைக் கப்பலேற்றி பிரான்ஸுக்கு அனுப்பித் தொடங்கிய வழக்கம் அது. 201-ஐ முடிக்காத மாணவர் அங்கே போய் வகுப்பில் உட்கார்ந்தாலும் பெரிதாக ஒன்றும் புரியாது.

அடுத்தது, எந்த நிலையில் சேருவது? முதல் செமஸ்டரில் எடுக்கும் முடிவுகளிலேயே கனமானது இதுதான். இதற்காகவே பிளேஸ்மென்ட் தேர்வு இருக்கிறது. பல இடங்களில் அதை வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதலாம். பக்கத்தில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு எழுதியவர்கள் மூன்றாவது வாரம் கண்கலங்கி என் அறைக்கு வந்திருக்கிறார்கள். தெரிந்தே குறைவாக எழுதி, சுலபமான வகுப்பில் 'ஏ' வாங்க நினைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் நஷ்டம்தான். விஸ்கான்சின் மேடிசன் போன்ற பல்கலைக்கழகங்களில் மேல்நிலை வகுப்பில் நேரடியாகச் சேர்ந்து 'பி' அல்லது அதற்கு மேல் வாங்கினால், தாண்டி வந்த கீழ்நிலைப் பாடங்களுக்கும் கிரெடிட் தருகிறார்கள். பள்ளியிலேயே கல்லூரி நிலைத் தேர்வான ஏபி பிரெஞ்சு எழுதியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் மதிப்பெண் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று கல்லூரியின் பட்டியலில் பாருங்கள். அதே பாடத்தை மறுபடி எடுத்தால் ஏபி கிரெடிட் ரத்தாகும் கல்லூரிகள் பல.

நம் பிள்ளைகளில் இரண்டு வகையினரைத் தனியாகச் சொல்லவேண்டும். சென்னையில் பிளஸ் டூ வரை பிரெஞ்சை மொழிப்பாடமாகப் படித்து வருபவர்களுக்கு இலக்கணம் நன்றாக வரும். வினைத்திரிபுகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். எழுத்துத் தேர்வு அவர்களை உயரத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். ஆனால் ஆசிரியர் இயல்பான வேகத்தில் பேசும்போது திணறிப்போவார்கள். பாரிஸ் புறநகரிலோ மொன்ட்ரியாலிலோ வளர்ந்துவிட்டு இங்கே வரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் நேர் எதிர். பேச்சு அருவி போல வரும். எழுதச் சொன்னால் பால், எண் இயைபுகளில் தடுமாறுவார்கள், அதிலும் பள்ளியை இடையில் மாற்றியவர்கள். இந்த இரு வகையினரும் ஆன்லைன் மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் துறையின் மொழிப் பாட ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, பத்து நிமிடம் நேரில் பேசக் கேளுங்கள். முதல் வாரத்துக்குள் என்றால் சரியான வகுப்புக்கு மாற்றிவிடுவது எளிது.

மற்ற வகுப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும், அதாவது செமஸ்டருக்கு 15. தொடக்கநிலை மொழி வகுப்பு வாரத்தில் நான்கைந்து நாள் நடக்கும், வீட்டுப்பாடமும் தினமும் இருக்கும். அதனால் அதே செமஸ்டரில் ஸ்பானிஷையோ இத்தாலியனையோ புதிதாகத் தொடங்க வேண்டாம். மூன்றும் லத்தீன் வழி வந்தவை என்பதால் தொடக்கத்தில் ஒன்றோடொன்று குழம்பும். முதலாண்டு எழுத்துப் பாடத்தை எடுத்துவிடுங்கள். பொதுப் பாடமாக எதையோ எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் பிரெஞ்சுக்குத் துணையானதை எடுங்கள்: நவீன ஐரோப்பிய வரலாறு, கலை வரலாறு, மொழியியல் அறிமுகம். செனகல், அல்ஜீரியா பற்றிப் படிக்கும் ஆப்பிரிக்க வரலாறு கிடைத்தால் அதற்கே என் ஓட்டு. பிரெஞ்சு பேசுபவர்களில் மிகப் பலர் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டு 300 வரிசைக்கு வரும் மாணவர் வகுப்பில் கேட்கும் கேள்விகளே வேறு தரத்தில் இருக்கும்.

"பிரெஞ்சு படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை. மேஜருக்கு 30 கிரெடிட் போனாலும் மீதம் நிறைய இருக்கிறது. பொருளாதாரம், பன்னாட்டு உறவுகள், உயிரியல் என்று இரண்டாவது மேஜர் தாராளமாக முடிக்கலாம். ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியலையும் மொழியையும் சேர்த்து ஐந்து ஆண்டில் இரண்டு பட்டங்களாகவே தருகிறார்கள். பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஆங்கிலம் கற்பிக்கும் உதவியாளர் பணி, பட்டம் பெற்றதும் போகக்கூடிய நல்ல வாய்ப்பு. ஆனால் இரண்டாவது மேஜர் யோசனை இருந்தால் அதன் நுழைவுப் பாடமும், கால்குலஸோ வேதியியலோ, இந்த முதல் செமஸ்டரிலேயே இடம்பெற வேண்டும். அங்கேயும் சங்கிலிதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் மதிப்பெண், வகுப்பு விவரங்களைத் தொலைபேசியில் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. 1974-ல் வந்த, மாணவர் பதிவுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்ததும் அந்த உரிமை மாணவருக்குப் போய்விடுகிறது. பொதுவாக அவர் எழுத்தில் சம்மதம் தந்தால்தான் உங்களிடம் பேசலாம். சில பெற்றோர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. வகுப்புகளைப் பதிவு செய்யும் முன்பே பிள்ளையோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

வகுப்பு சரிவரவில்லை என்றால் முதல் ஓரிரு வாரத்துக்குள் தடயமில்லாமல் விலகலாம். அதற்குப் பிறகு மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' (விலகினார்) என்று பதிவாகும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர்கள் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. அந்தக் கணக்கில் முழுக்க ஆன்லைனில் நடக்கும் வகுப்பு ஒன்றுக்கு மேல் சேராது. விலகும் பொத்தானை அழுத்தும் முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும், உதவித்தொகை பெறுபவர் நிதி உதவி அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். பிறகு பாடத்திட்டத்தாளையும் திருத்தி வந்த முதல் தேர்வுத்தாளையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆலோசகரிடம் போங்கள்.