பத்தடி போர்டுக்கு வாட்ஸ்அப் லோகோ போதாது

கடைக்குப் பெயர்ப்பலகை செய்ய வருகிறவர்களில் பெரும்பாலானோர் கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம்தான். "தம்பி, லோகோ அனுப்பிட்டேன் பாருங்க, சாயங்காலம் போர்டு ரெடியாகிடுமா?" என்பார்கள். போனில் பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கிறது, அப்புறம் அதில் என்ன குறை என்று அவர்களுக்குப் புரிவதில்லை. அவர்கள்மேல் தப்பும் இல்லை, லோகோ செய்து காசு வாங்கியவர் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. ஃப்ளெக்ஸ், போர்டு வேலையில் இருப்பவன் என்ற முறையில் கவுன்ட்டரில் நின்று வாயால் விளக்குவதை இங்கே எழுதிவைக்கிறேன், லோகோ வாங்கப் போகிறவர்களும் லோகோ செய்கிறவர்களும் படித்தால் நல்லது.

முதலில் கணக்கு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் போகிற வழியிலேயே சுருங்கிவிடும். சுற்றிலும் விட்ட வெள்ளை இடத்தைக் கழித்தால் லோகோவின் அகலம் 800 பிக்சல் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 அடி போர்டு என்றால் 120 அங்குலம். 800ஐ 120ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 7 பிக்சல்கூட வரவில்லை, அதாவது ஒவ்வொரு பிக்சலும் போர்டில் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் சதுரமாக நிற்கும். மெஷின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தச் சதுரங்களைத்தான் அச்சுப்பிசகாமல் அடித்துத் தரும். புகைப்படம் என்றால் தூரத்தில் இருந்து பார்ப்பதால் நிஜ அளவில் அங்குலத்துக்கு 72, 100 பிக்சல் இருந்தாலே ஒப்பேற்றிவிடலாம். லோகோவில் ஓரங்கள் எல்லாம் கத்தி மாதிரி இருக்க வேண்டியவை, கொஞ்சம் மங்கினாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்ப்பவருக்கே தெரியும்.

வெக்டர் ஃபைலில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அதில் பிக்சல் இல்லை, புள்ளிகளும் அவற்றை இணைக்கும் வளைவுகளும்தான் இருக்கின்றன. விசிட்டிங் கார்டில் வைத்தாலும் 40 அடி ஹோர்டிங்கில் வைத்தாலும் கம்ப்யூட்டர் அந்த வளைவை அந்த அளவுக்குப் புதிதாகப் போட்டுக்கொள்ளும். கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரையும் மென்பொருள்களின் சிடிஆர், ஏஐ, அப்புறம் இபிஎஸ், எஸ்விஜி, பிடிஎஃப் எல்லாம் இதைத் தாங்கக்கூடிய ஃபைல்கள். தாங்கக்கூடியவை என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். ஜேபெக் படத்தை இழுத்துக் கோரலில் போட்டு சிடிஆர் என்று சேவ் பண்ணி அனுப்புகிறவர்கள் நிறைய, அது பெயரில் மட்டும்தான் வெக்டர். கோரலில் வயர்ஃப்ரேம், இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஒய் போட்டுப் பாருங்கள், லோகோ வெறும் கோடுகளாகத் தெரிந்தால் சரி, எழுத்தின் கோடே இல்லாமல் ஒரு கட்டமோ மங்கிய படமோ நின்றால் உள்ளே இருப்பது படம். இந்த மென்பொருள்கள் உங்களிடம் இல்லையென்றால் பிடிஎஃப்பைத் திறந்து முடிந்தவரை பெரிதாக்கிப் பாருங்கள், ஓரம் கடைசிவரை கூர்மையாகவே இருக்க வேண்டும்.

"ஆட்டோ ட்ரேஸ் போட்டா வெக்டர் ஆயிடுமே" என்று கேட்பவர்கள் உண்டு, படத்தின் ஓரங்களை மென்பொருளே தேடிக் கோடு போடுவதுதான் அது. ஆகும், ஆனால் எந்த லட்சணத்தில்? நேரான டைப்பில் ஒரு 'ட' வரைய 6 புள்ளி போதும், ஆறு மூலை, அவ்வளவுதான். மங்கலான படத்தில் இருந்து ட்ரேஸ் எடுத்தால் அதே எழுத்துக்கு டஜன் கணக்கில் புள்ளிகள் வந்து உட்காரும், மூலை உருண்டுவிடும், நேர்கோடு மெல்ல அலையும். வளைவே உயிராக இருக்கும் 'ண', 'ஞ', 'ழு' போன்ற எழுத்துகளின் கதி இன்னும் மோசம், சுழி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஃப்ளெக்ஸில் இதைச் சிலர் பொறுத்துக்கொள்வார்கள். ஸ்டிக்கர் வெட்டும் வினைல் கட்டிங் பிளாட்டரிலோ ஷீட்டைக் குடைந்து வெட்டும் சிஎன்சி ரூட்டரிலோ அது நடக்காது, ஏனென்றால் அந்த மெஷின் படத்தைப் பார்ப்பதில்லை, கோட்டை மட்டும் பின்தொடர்கிறது, ஒவ்வொரு வேண்டாத புள்ளியிலும் கத்தி ஒரு சின்ன உதறல் உதறும். எனவே நல்ல வெக்டர் கிடைக்காத லோகோவை அடியில் வைத்து அதன்மேல் கையால் புதிதாக வரைவதுதான் முறை, அதற்குக் கூலி கேட்டால் கொடுங்கள், பல வருஷம் வாசலில் நிற்கப்போகிற போர்டு அது.

தமிழ் எழுத்துக்கு என்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. டிடிபி வேலையில், அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்கு எழுத்து அடிக்கும் வேலையில், இன்னமும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. அந்த ஃபைலுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. அதே எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் மெய்யெழுத்தின் புள்ளி இருந்த இடத்தில் அரைப்புள்ளி நிற்கும், 'தமிழ்' என்ற சொல்லே நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகிவிடும். சரி, தமிழைத் தமிழாகவே பதிந்துவைக்கும் யூனிகோடில் அடித்தால் தப்பிக்கலாமா என்றால், பழைய பதிப்பு மென்பொருளில் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போகும், இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போஸரை (எழுத்துகளைக் கோத்துக் காட்டும் அமைப்பு) தேர்ந்தெடுக்காவிட்டாலும் இதே கூத்துதான். அவசர வேலையில், தமிழ் சரியாகப் படிக்காத ஆபரேட்டர் கையில் சிக்கினால் அப்படியே அச்சாகி வந்துவிடும். அனுப்பும் முன் எல்லா எழுத்தையும் கர்வ், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வளைவுக் கோடுகள், ஆக்கிவிடுங்கள், கோரலில் கன்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. எழுத்தாகவே இருக்கும் பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குப் போன் நம்பர் மாறினால் அதில்தான் திருத்த முடியும்.

அப்புறம் கோட்டின் தடிமன். லோகோவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அவுட்லைன் 0.5 மில்லிமீட்டர் வைத்திருப்பார்கள், 3 அங்குல அகலத்தில் பார்க்க லட்சணமாக இருக்கும். அதை 10 அடிக்குப் பெருக்கினால் 40 மடங்கு, வட்டம் 40 மடங்கு ஆகும், ஆனால் அவுட்லைனும் சேர்ந்து பெருகும்படி அமைத்திருக்காவிட்டால் கோடு மட்டும் அதே அரை மில்லிமீட்டரில் நின்றுவிடும். 20 மில்லிமீட்டர் பட்டையாக வர வேண்டியது நூல் மாதிரி வரும், கீழே நின்று பார்த்தால் வட்டம் இருப்பதே தெரியாது. அவுட்லைனை ஆப்ஜெக்ட் (தனி வடிவம்) ஆக மாற்றிவிட்டால் இந்தக் கவலை இல்லை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் வடிவங்களையும் வெல்ட் பண்ணி ஒன்றாக்கிவிடுங்கள், இல்லையென்றால் பிளாட்டர் உள்ளே மறைந்திருக்கும் கோட்டையும் சேர்த்து வெட்டிவிடும்.

கலரைப் பற்றிச் சுருக்கமாக. திரையில் மின்னுகிற பச்சையும் நீலமும் ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியில் பிறந்தவை, மெஷினில் இருப்பது நாலு மை, அந்த மினுமினுப்பு ஃப்ளெக்ஸில் வராது. ஃபைலை அந்த நாலு மைக்கான சிஎம்ஒய்கே ஆக மாற்றி, உங்கள் நிறத்தின் நாலு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். வெள்ளை எழுத்தில் ஓவர்பிரிண்ட் (கீழே உள்ள நிறத்தை நீக்காமல் அதன்மேலேயே அடிக்கச் சொல்லும் அமைப்பு) டிக் ஆகியிருந்தால் அந்த எழுத்து அச்சில் காணாமல் போகும், திரையில் சாதாரணமாகப் பார்த்தால் இது தெரியாது, தேடிப் பார்த்து எடுத்துவிட வேண்டும். உள்ளே லைட் வைக்கும் போர்டில் வெறும் கறுப்பு மை மட்டும் அடித்தால் வெளிச்சத்தில் பழுப்பாகத் தெரியும், மற்ற மைகளும் கொஞ்சம் சேர வேண்டும், அதற்காக நாலையும் 100 என்று வைத்தால் மை காயாது. அந்த அளவை அடிக்கிற கடையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பெரிய ஹோர்டிங்குக்கு இன்னொன்று. 40க்கு 20 அடி என்றால் 480 அங்குலம், இல்லஸ்ட்ரேட்டரின் வழக்கமான ஆர்ட்போர்டு (வரையும் தாள்) 227 அங்குலத்துக்கு மேல் போகாது. பத்தில் ஒரு பங்காக, 48க்கு 24 அங்குலத்தில் செய்து, ஃபைல் பெயரிலேயே பத்தில் ஒன்று என்று குறிப்பிடுங்கள். ஃபிரேமில் மடித்து இழுத்துக் கட்ட நாலு பக்கமும் துணி வேண்டும், அதனால் பின்னணி நிறம் ஓரத்தைத் தாண்டிப் போகட்டும், லோகோவை ஓரத்தில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

ஏசிபி ஷீட்டில் (இருபக்கமும் அலுமினியம் ஒட்டிய பலகை) எல்இடி எழுத்து வைப்பவர்கள் வரையும்போதே யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரூட்டர் பிட் உருண்டையானது, உள்மூலைகளைக் கூராக வெட்ட அதனால் முடியாது. ஷீட்டிலேயே எழுத்தை வெட்டித் திறந்து பின்னால் அக்ரிலிக் வைக்கிற வேலை என்றால், 'ண'வின் மூடிய சுழிக்குள் இருக்கும் துண்டு பிடிமானம் இல்லாமல் கழன்று விழுந்துவிடும், அதைத் தனியாக எடுத்து ஒட்ட வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனித் துண்டு, தனி லைட், தனி வயர். மெலிந்த கம்பி எழுத்தில் எல்இடி மாட்யூல் உட்காரவே இடம் இருக்காது. இதெல்லாம் ஆங்கில எழுத்தை மட்டும் மனதில் வைத்து லோகோ செய்கிறவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஆங்கிலத்தில் அழகாக வரைந்துவிட்டு, தமிழை ஏதோ கையில் கிடைத்த எழுத்துருவில் தட்டிக் கீழே சேர்த்துவிடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. சட்டப்படியும் அது செல்லாது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் தொடர்பான 1948ஆம் ஆண்டு விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்றால் 5:3:2 என்ற விகிதம். அதனால் லோகோ வாங்கும்போதே தமிழ்ப் பெயரையும் அதே கையால், அதே தடிமனில் வரைந்து தரச் சொல்லுங்கள். ஒரே நிறத்தில் உள்ள வடிவம், முழு நிற வடிவம் இரண்டையும் கர்வ் ஆக்கிய பிடிஎஃப்பாகவும் மூல ஃபைலாகவும் வாங்கி, மெயிலிலோ டிரைவிலோ போட்டுவைத்துவிட்டு, அதற்கப்புறம் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.