'ஹெர்ட்ஸெலைட்': அந்த கிட்டார் கனம் எப்படி உருவாகிறது?

பெர்லினில் 1994-இல் கூடிய ஆறு பேரின் ராக் குழுவான ராம்ஷ்டைனின் முதல் ஆல்பம் 'ஹெர்ட்ஸெலைட்'. ஸ்டாக்ஹோமின் போலார் ஸ்டுடியோவில் பதிவாகி, 1995 செப்டம்பரில் வெளிவந்தது. மொத்தம் 11 பாடல்கள். இந்தக் குழு பின்னாளில் இதைவிடப் பளபளப்பான ஆல்பங்களைத் தந்திருக்கிறது. ஆனாலும் கனமான கிட்டாரையும் இயந்திரத்தனமான தாளத்தையும் கலக்கும் இண்டஸ்ட்ரியல் மெட்டல் ஒலி எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்க விரும்புபவர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கிட்டார் ஒலி எங்கே தொடங்குகிறது, எங்கே அறுந்து நிற்கிறது என்பது இதில் துல்லியமாகக் கேட்கும். கனத்தின் பெரும்பகுதி அந்த அறுபடும் இடங்களில்தான் இருக்கிறது.

முதலில் சுருதி. இந்த ஆல்பத்தின் ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிகள், பெரும்பாலும் 'ட்ராப் டி' முறையில் வாசிக்கப்பட்டவை. ஆறாவது கம்பியை 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 73.4 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால், கீழ் மூன்று கம்பிகளும் டி, ஏ, டி என்ற மேற்கத்திய சுரங்களில் நிற்கும். ஒரே விரலை மூன்றின் மீதும் படுக்க வைத்தால், அடிச்சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் மட்டும் சேர்ந்த பவர் கார்டு கிடைத்துவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், இந்தச் சிறு இறக்கத்திலேயே இழுவிசை ஏறத்தாழ 21 சதவீதம் குறைகிறது. தளர்ந்த கம்பியை ஓங்கி அடித்தால் அது ஒரு கணம் சுருதி ஏறி, பிறகே இறங்கி நிலைக்கும். ஆறாவது கம்பியை மட்டும் ஒரு படி தடிமனானதாக மாற்றினால் இந்தச் சிக்கல் தீரும்.

ஏன் பவர் கார்டு மட்டும்? டிஸ்டார்ஷன், அதாவது கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரடாக்கும் முறை, இரண்டு சுரங்களைக் கொடுத்தால் அவற்றின் கூட்டலையும் வித்தியாசத்தையும் புதிய சுரங்களாக உண்டாக்கும். டி 73.4, ஏ 110, வித்தியாசம் 36.6 ஹெர்ட்ஸ். கிட்டாரில் இல்லாத, ஒரு ஸ்தாயி கீழான டி அது. மேலும் டியின் மூன்றாம் மேற்சுரமும் (அடிச்சுரத்தின் மும்மடங்கு) ஏயின் இரண்டாம் மேற்சுரமும் (இருமடங்கு) 220 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட ஒன்றாக விழுகின்றன. இதே கார்டில் எஃப் ஷார்ப்பைச் சேர்த்துப் பாருங்கள். அதன் நான்காம் மேற்சுரம் 370 ஹெர்ட்ஸ், டியின் ஐந்தாம் மேற்சுரம் 367. நொடிக்கு மூன்று முறை இரண்டும் மோதித் துடிக்கும். சுத்தமான கிட்டாரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய இந்தத் துடிப்பு, டிஸ்டார்ஷனில் சேறாகிவிடும்.

அடுத்தது வலது கை. உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜ் மீது, கம்பி தொடங்கும் இடத்தில் வைத்து அடிப்பது பாம் மியூட். சில மில்லிமீட்டர் முன்னே நகர்ந்தால் சுரமே செத்து வெறும் 'டக்' மட்டும் மிஞ்சும்; பின்னே போனால் கம்பி தடையின்றி முழங்கும். கை அடக்கிய பிறகும் ஆம்ப் (ஒலிபெருக்கி) சும்மா இருக்காது. டிஸ்டார்ஷன் பெரிய ஒலியை அமுக்கிச் சிறிய ஒலியைத் தூக்குவதால், கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பின் இரைச்சலும் ரீங்காரமும் இடைவெளியை நிரப்பிவிடும். இதற்கான கருவி நாய்ஸ் கேட்: ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் கதவு போல மூடி, ஏறினால் திறக்கும்.

பலர் தடுமாறும் இடம் இதுதான். டியின் ஓர் அலை முடிய 13.6 மில்லிசெகண்ட் ஆகும். கேட் மூடும் நேரத்தை அதைவிடக் குறைவாக வைத்தால், ஒரே அலைக்குள் கதவு திறந்து மூடி, கரகரப்பு வரும். குறைந்தது இரண்டு மூன்று அலை நீளம், அதாவது 40 மில்லிசெகண்டிலிருந்து தொடங்குங்கள். திறக்கும் நேரம் 1 மில்லிசெகண்டுக்குள் இருக்கட்டும். தாமதித்தால் பிக் கம்பியைத் தொடும் கூர்மை போய்விடும். திறக்கும் அளவைவிட மூடும் அளவை 4 முதல் 6 டெசிபெல் கீழே வையுங்கள். கேட்டுக்குத் திறப்பு மூடல் கட்டளையை டிஸ்டார்ஷனுக்கு முந்தைய, கிட்டாரிலிருந்து நேராக வரும் சிக்னலிலிருந்து கொடுப்பதே சரி. டிஸ்டார்ஷன் தாண்டிய சிக்னலில் அடிக்கும் அமைதிக்கும் இடையே உயரம் குறைவு, கேட் குழம்பும்.

ரிச்சர்ட் க்ருஸ்பே, பால் லாண்டர்ஸ் என்று இந்தக் குழுவில் இரண்டு கிட்டார்கள். இப்படி ஒரே ரிஃபை இரு முறை தனித்தனியாக வாசித்து இடம், வலமாகப் பிரித்தால் சுவர் போன்ற அகலம் வரும். ஒரு பதிவையே நகலெடுத்து 1 மில்லிசெகண்ட் நகர்த்தினால் அந்த அகலம் வராது. இடம், வலம் இரண்டையும் ஒன்றாகக் கலக்கும் மோனோவில் கேட்கும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் பள்ளங்கள் விழுந்து ஒலி குழாய்க்குள்ளிருந்து வருவது போலாகும். ஒவ்வொரு பதிவிலும் டிஸ்டார்ஷனை, தனியாகக் கேட்கும்போது போதாது என்று தோன்றும் அளவுக்குக் குறையுங்கள். இரண்டும் சேரும்போது அது கூடிவிடும்.

கிட்டாரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டி, அந்த இடத்தை பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் விட்டுவிடுவது வழக்கம். பேஸின் கீழ் டி 36.7 ஹெர்ட்ஸ். சிறிய ஸ்பீக்கரில் அது வரவே வராது. ஆனால் 73, 110, 147 என்று மேற்சுரங்கள் வரிசையாகக் கேட்டால் மூளை அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

இயந்திரத் தன்மை கீபோர்டிலிருந்து வருகிறது. சுரங்களைத் தானே வரிசையாக வாசிக்கும் சீக்வென்சரில் ஓடும் வரியோடு டிரம் சேர வேண்டுமானால், வாசிப்பவர் காதில் தாளத்தைக் காட்டும் கிளிக் ஒலிக்க வேண்டும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் பதினாறாம் சுரம் ஒவ்வொன்றும் 125 மில்லிசெகண்ட். இசைக் கருவிகளுக்கிடையே கட்டளைகளைக் கொண்டுசெல்லும் மிடி கேபிளில் ஒரு சுரத்தின் கட்டளை போய்ச்சேர ஏறத்தாழ 1 மில்லிசெகண்ட் ஆகும். பத்துச் சுரங்களை ஒரே நொடிப்புள்ளியில் அனுப்பினால் கடைசிச் சுரம் 10 மில்லிசெகண்ட் பிந்தும்; கிக் டிரம்மோடு சேர வேண்டிய ஒலி இரண்டாகப் பிளந்து கேட்கும். தாளத்துக்கு முக்கியமான சுரத்தை வரிசையில் முதலில் வைப்பதே இதற்குத் தீர்வு.

பாடகர் டில் லிண்டெமானின் தாழ்ந்த குரல் இத்தனை கிட்டாருக்கு நடுவே மூழ்காமல் இருப்பதற்கு மெய்யெழுத்துகளுக்குப் பெரும் பங்குண்டு. அவர் உருட்டும் 'ர்' ஒலியில் நாக்கு நுனி நொடிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 முறை அடிக்கிறது. அதுவே ஒரு தாளக் கருவி. குரலின் அடிச்சுரம் கிட்டாரோடு மோதினாலும், சொல்லைப் புரியவைக்கும் பகுதி 2000 முதல் 4000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. அங்கே கிட்டாரை 2, 3 டெசிபெல் தாழ்த்தினால் போதும், குரலை ஏற்ற வேண்டிய தேவை இராது.