ராத்திரி பூரா சார்ஜில் கிடக்கலாமுங்களா?

பெருந்துறை மாமா மின்சார கார் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் கூப்பிட்டார். "ஏனுங்க மாப்ள, ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டு வெச்சா பேட்டரி சீக்கிரம் போயிருமாமா? டீக்கடையில பேசிக்கறாங்கொ."

போகாது. நிறைந்ததும் கார் தானே நிறுத்திக்கொள்ளும். ஆனால் நிறைந்த பேட்டரி எவ்வளவு நேரம், எவ்வளவு சூட்டில் சும்மா நிற்கிறது என்பதுதான் விஷயம்.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் (மின்னேற்றம் கொண்ட லித்தியம் அணுக்கள்) பேட்டரியின் ஒரு முனையிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகும், ஓட்டும்போது வெளியேறும். இது தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது கிராஃபைட்டின் மேல் படியும் தோல். முதல் சார்ஜிலேயே, அயனிகள் நீந்திப் போகும் மின்பகு திரவம் கிராஃபைட்டில் பட்டுச் சிதைந்து, சிராய்த்த முழங்காலில் பக்குக் கட்டுவது போலப் படிகிறது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அயனியை உள்ளே விடும், திரவத்தைத் தடுக்கும். இந்தப் பக்கு இல்லையென்றால் பேட்டரியே இல்லை.

ஆனால் முழங்காலை மடக்கினால் பக்கு வெடிக்குமே? முழுதும் நிறைந்த கிராஃபைட் சுமார் 10 சதவீதம் உப்புகிறது. தோல் கீறுகிறது. அங்கே புதுப் பக்குக் கட்ட லித்தியம் செலவாகிறது, அது திரும்பி வருவதில்லை. ஓடும் தூரம் குறைவதில் பெரும்பங்கு இதற்குத்தான். கீறல் இல்லாமலும் தோல் மெல்லத் தடிக்கும். பேட்டரி நிறைந்திருந்தால் வேகமாக, சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாக. சித்திரை வெயிலில் 100 சதவீதத்தோடு வாசலில் நிற்கும் கார், ஓடாமலே கிழடாகிறது.

எப்போதும் நிறைத்தே வைக்கும் பழக்கம் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து வந்தது. அது ஈய அமில பேட்டரி, அதற்கு நிறைந்திருப்பதுதான் நல்லது. மின்சார காரில் அன்றாடத்துக்கு 80 சதவீதம் போதும்.

"கார் புத்தகத்துல வாரம் ஒருக்கா 100 ஏத்தச் சொல்லுதுங்களே?" என்றார். அவருடையது லித்தியம் இரும்பு பாஸ்பேட் (LFP) வகை பேட்டரி. 30 சதவீதத்திலும் 70 சதவீதத்திலும் அதன் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றுதான். வோல்டேஜைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாமல் கார் குழம்பிப்போகும். நிறைத்தால்தான் கணக்கு நேராகும். ஏற்றட்டும், ஏற்றியதும் ஓட்டிவிட வேண்டும். ஆனால் கோத்தகிரியில் நிறைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கக் கூடாது. இறக்கத்தில் வேகம் குறைக்கும்போது மோட்டார் உண்டாக்கும் மின்சாரம் போக பேட்டரியில் இடமிருக்காது.

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இருக்கிறது. கார் பேட்டரிக்கான செல்லுக்கு இன்னும் பெரும்பாலும் வெளிநாட்டைத்தான் பார்க்கிறோம். டயருக்கடியில் வைக்கும் எலுமிச்சம்பழத்தில் காட்டும் அக்கறையை ஆய்வுக்கான பணத்திலும் காட்டலாம்.

நேற்று மாமா மறுபடி கூப்பிட்டார். "வேப்பமரத்தடியில நிறுத்தீட்டனுங்க. காக்கா எச்சத்துக்கு என்ன பண்றதுங்க?"