கண்ணில் ஏறிய தூண்டிலை இழுக்காதீர்கள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை, சேஷெல்ஸின் அஸ்டோவ் தீவிலிருந்து விமானத்தில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். 42 வயது, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர். வலது கண்ணில் துணி வைத்து இறுக்கிக் கட்டியிருந்தது. கூட வந்த நண்பர் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை என்னிடம் நீட்டினார். உள்ளே இறகும் மினுங்கும் நூலும் கட்டிய தூண்டில் முள். "உடனே இழுத்து எடுத்துட்டேன் டாக்டர். அஞ்சு நிமிஷம்கூட உள்ளே இருக்கல" என்றார்.

கட்டை அவிழ்த்தேன். முள் ஏறிய இடம் குண்டூசித் தலை அளவுதான் இருந்திருக்கும். அது வெளியே வந்த வழியோ கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியாவின் ஓரத்திலிருந்து வெள்ளை விழி வரை கிழிந்திருந்தது. அதன் வழியாக, கண்மணியைச் சுற்றியிருக்கும் நிறத்திரையான ஐரிஸ் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது.

சேஷெல்ஸின் மாஹே தீவில் கண் அறுவை மருத்துவனாக இருக்கிறேன். இந்த சீசனில் இப்படி வந்தது இது மூன்றாவது. மூன்று பேருக்கும் பக்கத்திலிருந்த யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு முள்ளை இழுத்திருந்தார். இதற்கு மேலும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அல்ஃபோன்ஸ், ஃபார்குவார், கோஸ்மோலீடோ, அஸ்டோவ் ஆகிய வெளித்தீவுகளுக்கு அக்டோபர் முதல் மே வரை மீன்பிடிக்க வருகிறார்கள். வெள்ளை மணல் திட்டில் முழங்கால் ஆழத் தண்ணீரில் நடந்து, மீனைக் கண்ணால் பார்த்த பிறகே தூண்டில் வீசுவது இங்குள்ள முறை. போன்ஃபிஷ், கிளாத்தி, பால்மீன், எல்லாவற்றுக்கும் மேலாக நம் பாரை மீன் குடும்பத்தின் மிகப் பெரிய வகைகளில் ஒன்றான ஜிடி (ஜயன்ட் ட்ரெவாலி). பிடித்த மீனைப் பெரும்பாலும் திரும்ப விட்டுவிடுவார்கள். இப்போது சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம்மவர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஊரில் படகிலிருந்து ஈயக்குண்டு கட்டித் தூண்டில் போட்ட பழக்கத்தை நம்பி வருகிறார்கள். அங்கேதான் பிரச்சினை.

சாதாரணத் தூண்டிலில் குண்டின் எடை தங்கூசியை இழுத்துப் போகும். இங்கே பயன்படுத்துவது ஃப்ளை தூண்டில்; அதில் தடித்த லைனின் எடைதான் ஃப்ளை எனப்படும் இறகு கட்டிய முள்ளைச் சுமக்கிறது. லைன் முழுதாக நீள்வதற்காக அதை முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை வீசுவார்கள். ஒவ்வொரு வீச்சிலும் முள் உங்கள் தலையைத் தாண்டிப் போய்த் தாண்டி வருகிறது. "இறகுதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்கள் ஜிடிக்குக் கட்டும் முள்ளை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். சுண்டுவிரல் நீளம் இருக்கும். கிளாத்திக்கும் போன்ஃபிஷுக்கும் சின்ன முள்தான், ஆனால் அடிமணலுக்கு இறங்க அதில் உலோகக் குண்டு கட்டியிருக்கும். முள் குத்தாமல் அந்தக் குண்டு மட்டும் பட்டுக் கண்ணுக்குள் ரத்தம் கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அஸ்டோவிலிருந்து வந்த அந்த நோயாளிக்கு நடந்தது வீச்சில்கூட இல்லை. பவளப்பாறையில் முள் மாட்டிக்கொண்டது. கோலை வளைத்து மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தார். பாறை விட்டதும் முள் நேராக முகத்துக்கு வந்தது. தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்: முள் மாட்டினால் கோலை நீரை நோக்கி நேராகத் தாழ்த்துங்கள், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், லைனைக் கையால் பிடித்து மெதுவாக இழுங்கள். வரவில்லையென்றால் அறுந்து போகட்டும். ஒரு ஃப்ளையின் விலை என்ன, கண்ணின் விலை என்ன?

சரி, அந்த "இழுத்து எடுத்துட்டேன்" விஷயத்துக்கு வருகிறேன்.

விரலில் ஏறிய முள்ளை நூல் சுற்றி ஒரே இழுப்பில் எடுக்கும் வீடியோக்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். விரலுக்கு அது சரி, பழகிய வழிகாட்டிகள் நன்றாகவே செய்வார்கள். கண் விரல் அல்ல. விரலுக்குள் சதை நிரம்பியிருக்கிறது. கண் என்பது உள்ளே நீரும் ஜெல்லியும் அழுத்தத்தோடு அடைத்து வைத்த உருண்டை. முள் உள்ளே இருக்கும்வரை துளையை ஓரளவு அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். இழுத்தால் அடைப்பும் போகிறது, உள்ளே இருப்பதும் வருகிறது. முள்ளின் நுனிக்குக் கீழே, மீன் கழன்றுவிடாமல் இருக்கப் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள் வேறு இருந்தால், போகிற வழியில் ஐரிஸையும் லென்ஸையும் சில நேரம் விழித்திரையையும் வாரிக்கொண்டு வரும். அறுவை அரங்கில் நாங்கள் அந்த எதிர்முள்ளை ஒரு ஊசிக்குழலுக்குள் மறைத்து வெளியே கொண்டுவருவோம், அல்லது முள்ளை முன்னோக்கித் தள்ளி நுனியை வெட்டிவிட்டுப் பின்னால் எடுப்போம். மைக்ராஸ்கோப் வைத்துக்கொண்டே அது கடினமான வேலை. கடற்கரையில் இடுக்கியால் செய்யும் வேலை இல்லை.

"இமையில்தானே குத்தியிருக்கு" என்பதும் வேண்டாம். இமையைத் தாண்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று வெளியிலிருந்து உங்களுக்குத் தெரியாது. இமையில் ஏறினாலும் கண்ணில் ஏறியதாகவே வையுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? முள்ளைத் தொடாதீர்கள். அதிலிருந்து போகும் லைனை மட்டும் வெட்டிவிடுங்கள். ஒரு காகிதக் கோப்பையைக் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின்மேல் படும்படி கவிழ்த்து, டேப்பால் ஒட்டுங்கள். கோப்பை முள்ளிலோ கண்ணிலோ படக்கூடாது. துணி வைத்து இறுக்கிக் கட்டவே கட்டாதீர்கள். இவருக்கு அதையும் செய்திருந்தார்கள். கழுவாதீர்கள். சொட்டு மருந்து, களிம்பு எதுவும் வேண்டாம். தலையை உயர்த்தி உட்கார வையுங்கள். இருமலும் வாந்தியும் கண்ணுக்குள் அழுத்தத்தைக் கூட்டும், அதனால் குமட்டினால் முகாமில் மருந்துப்பெட்டி வைத்திருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அப்புறம், தெம்புக்கு என்று டீயும் பிஸ்கட்டும் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுத்துத்தான் தைக்க வேண்டியிருக்கும். அஸ்டோவிலிருந்து மாஹே 1000 கிலோமீட்டருக்கு மேல். அந்த நேரம் முழுக்க கண்ணுக்குள் கிருமி வளர்ந்துகொண்டிருக்கும், ஆகவே நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். முள்ளை ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? மறைக்காமல் சொல்லுங்கள், முள்ளையும் கொண்டுவாருங்கள். திட்டமாட்டேன்.

ஒரு கண்தானே என்றும் யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். லூயி பிரெய்ல் 1812-இல், 3 வயதில், அப்பாவின் தோல் பட்டறையில் ஊசியால் குத்திக்கொண்டது ஒரு கண்ணில்தான். காயம்பட்ட கண்ணின் அழற்சி மறு கண்ணுக்கும் போனது. 5 வயதுக்குள் இரண்டு கண்ணும் போயிற்று. இன்று அப்படி ஆவது அபூர்வம், ஆனால் காயத்துக்கு மாதங்கள் கழித்துக்கூட வரலாம் என்பதால் இப்படி வருகிறவர்களை நாங்கள் விடாமல் வரச்சொல்லிப் பார்க்கிறோம்.

இதெல்லாம் ஒரு கண்ணாடியில் தடுக்கக்கூடியது. என் நோயாளியிடமும் விலை உயர்ந்த போலராய்டு கண்ணாடி இருந்தது, தொப்பியின்மேல். வியர்வையில் ஆவி படிந்ததாம், மேகமும் மூடியதாம், மீன் எப்படியும் தெரியவில்லை என்று மேலே ஏற்றிவிட்டிருக்கிறார். கண்ணாடி மீனைப் பார்ப்பதற்கு மட்டும் என்று நினைப்பதால் வருகிற வினை இது. பாலிகார்பனேட் லென்ஸாக வாங்குங்கள். பொழுது சாயும் நேரத்துக்கென்று நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று பையில் இருக்கட்டும், அது ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும். கான்டாக்ட் லென்ஸ் கவசம் ஆகாது. உங்களுக்குப் பின்னால் நிற்கும் வழிகாட்டியும் படகில் உட்கார்ந்திருக்கும் மனைவியும் பிள்ளையும் போட வேண்டும். காற்று, வீசும் கையின் பக்கமிருந்து அடித்தால் லைன் முகத்தின்மேல் வரும். நிற்கும் இடத்தை மாற்றுங்கள். எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். முகாமில் அது கட்டாயம்தான், ஆனால் இவர் கடைசி நாளில் ஊரிலிருந்து கொண்டுவந்த ஃப்ளையை யாரிடமும் காட்டாமல் கட்டியிருக்கிறார்.

அன்றிரவே தைத்தேன். விழித்திரை அறுவைக்குச் சென்னைக்கு அனுப்பினோம். கண்ணுக்குள் வாயு நிரப்பியிருப்பதால், அது கரையும்வரை விமானம் ஏறக்கூடாது. வாரக்கணக்கில் உறவினர் வீட்டில் கவிழ்ந்து படுத்திருக்கிறார். நேற்று பேசினோம். முகத்துக்கு முன் விரலை ஆட்டினால் தெரிகிறதாம். பக்கத்தில் அந்த நண்பர் இருந்தார். சிங்கப்பூர் திரும்பாமல் கூடவே தங்கியிருக்கிறார். ஃபோனை வாங்கி, "நான் இழுக்காம இருந்திருந்தா, டாக்டர்?" என்று கேட்டார். உங்களுக்கு யாரும் முன்பே சொல்லித் தரவில்லை என்றேன்.