முதல் ஸ்கேனில் தெரியாத கணையக் காயம்

சைக்கிளிலிருந்து விழுந்த சிறுவனுக்கு ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தும், வீட்டுக்கு அனுப்பாமல் மறுபடியும் இரத்தம் எடுத்தது ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பணம் பிடுங்கும் வேலையோ என்ற ஐயமும் அவர் கேள்வியில் தொனிக்கிறது. கைப்பிடி வயிற்றில் குத்தியிருந்தால் அந்த ஐயம் தேவையற்றது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் மேல் குறுக்காகக் கிடக்கும் மென்மையான உறுப்பு. கைப்பிடியின் முனை மேல்வயிற்றில் குத்தும்போது, அதற்கும் முதுகெலும்புக்கும் நடுவில் கணையம் சிக்கி நசுங்குகிறது. பெரியவர்களுக்குள்ள தசையும் கொழுப்பும் குழந்தைகளுக்கு இல்லாததால் அடி நேராக உள்ளே இறங்கிவிடுகிறது. வெளியே தெரிவது சிறிய வட்டக் கன்றல் மட்டுமே, சில நேரம் அதுவும் இருக்காது.

கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்து வயிற்றறைக்குள் இரத்தம் தேங்கினால் அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். கணையம் அப்படியன்று. அதன் செரிமான நீர் மெல்லக் கசிந்து, சுற்றியுள்ள இடத்தில் தேங்கி, அங்கிருந்து உறிஞ்சப்பட்டு இரத்தத்தை அடைந்த பிறகே அமைலேஸ், லைப்பேஸ் ஆகிய நொதிகளின் அளவு அங்கே கூடும். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கலாம். ஆகவே, அடிபட்ட உடனே எடுத்த இரத்தத்தில் அளவு இயல்பாக இருந்தது என்பதற்காக நிம்மதி அடைய முடியாது. முதல் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையில் ஏற்றம் இருக்கிறதா என்பதையே மருத்துவர் தேடுகிறார். அமைலேஸ் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் சுரப்பதால், முகத்தில் அடிபட்ட குழந்தைக்கும் அது உயரலாம். லைப்பேஸையும் சேர்த்துப் பார்ப்பது அதனால்தான். இந்த எண்கள் எவ்வளவு உயர்கின்றன என்பதை வைத்துக் காயத்தின் ஆழத்தைக் கணிக்கவும் இயலாது.

சி.டி. ஸ்கேனும் முதல் 12 மணி நேரத்தில் ஏமாற்றக்கூடும். கிழிந்த விளிம்புகள் விலகாமல் ஒட்டியே இருந்தால் படத்தில் பிளவு தெரியாது. வீக்கமும், கணையத்துக்கும் மண்ணீரல் சிரைக்கும் நடுவே சேரும் நீரும் பிறகுதான் புலப்படும்.

இதற்கிடையில் வலி தணிந்ததுபோல் தோன்றி, பல மணி நேரம் கழித்து வாந்தியுடன் திரும்பலாம். திட்டு விழும் என்று பயந்து பிள்ளை விழுந்ததையே மறைத்திருந்தால், நம் வீடுகளில் குடல் ஏறிவிட்டது என்று எண்ணெய் தேய்த்து வயிற்றை உருவிவிடுவார்கள். அடிபட்டிருக்கக்கூடிய வயிற்றை அழுத்தி உருவுவதை என்னால் எந்த மரபின் பெயராலும் ஏற்க முடியவில்லை.

காயம் உறுதியானதும் எழும் கேள்வி, கணையத்தின் நடுக்குழாய் அறுந்திருக்கிறதா என்பதே; அறுவைச் சிகிச்சை தேவையா என்பது பெரிதும் அதைச் சார்ந்தது. எம்.ஆர்.ஐ. வகையைச் சேர்ந்த எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எக்ஸ் கதிர் இல்லாமலே, குழாயிலுள்ள நீரை வெண்மையாகக் காட்டிவிடும். குழந்தைகளில் அந்த வெண்கோடு ஓரிரு மில்லிமீட்டர் அகலமே இருக்கும் என்பதால், அது எங்கே அறுபடுகிறது என்று கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும்.