ரோக்கன்: அனுமதித் துண்டு

கிளிநொச்சி, வவுனியா வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் வரிசையில் எடுக்கும் இலக்கத் துண்டும் ரோக்கன்தான். தமிழகத்தார் டோக்கன் என்று எழுதுவர். இங்கே விளக்குவது கணினியில் வழங்கும் ரோக்கன்: தன் கடவுச்சொல்லைக் கொடுக்காமலே, வேறொருவர் எழுதிய செயலி தன் கணக்கில் குறித்த சில வேலைகளை மட்டும் செய்யட்டும் என்று பயனர் விடுவதற்கான நீண்ட எழுத்துத்தொடர்.

சொல்லின் மூலம் பழைய ஆங்கிலம். குறி, அடையாளம் என்று பொருள். பின்னாளில் காசுக்குப் பதிலாகக் கைமாறும் வில்லையையும் அது குறித்தது. 19ஆம் நூற்றாண்டில் கொழும்பின் கோப்பி ஆலைகள் தொழிலாளருக்குக் கொடுத்த உலோக வில்லைகள் அந்த வகை. கணினிக்குள் வந்ததும் இந்தப் பொருளோடுதான்: ஒன்றுக்குப் பதிலாக நிற்பது. இங்கே அது கடவுச்சொல்லுக்குப் பதிலாக நிற்கிறது.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் பயிர்செய்யும் கமக்காரர் அமைப்புகளுக்கு ஒரு சிறு சமூகத் தளம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீர் திறக்கும் நாள், விதைநெல், உழவு இயந்திர வாடகை எல்லாம் அதில் பதிவாகின்றன. முல்லைத்தீவு மாணவி ஒருவர் அதற்கு ஆண்ட்ரொயிட் செயலி எழுதுகிறார். செயலி கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கினால் கணக்கு முழுவதும் அதன் கையில். பிறகு அந்த ஒரு செயலியை மட்டும் நிறுத்த வழியில்லை. கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும். இந்தக் கேட்டைத் தீர்க்க 2007இல் வந்ததே ஓஆத் (OAuth) நெறிமுறை. இன்று பரவலாக உள்ள ஓஆத் 2.0, ஆர்.எப்.சி. (RFC) எனும் இணைய நெறிமுறை ஆவண வரிசையில் 6749ஆவதாக 2012 ஒக்ரோபரில் வெளியானது.

நடைமுறை இப்படி. செயலி முதலில் தன் பெயரையும் திரும்பும் முகவரியையும் தளத்தில் பதிந்து ஓர் அடையாள எண் பெறுகிறது. பயனர் தளத்தின் சொந்தப் பக்கத்திலேயே உள்நுழைந்து, கேட்கப்படும் அனுமதிகளைப் பார்த்துச் சம்மதிக்கிறார். தளம் ஓர் இடைக்குறியைத் திரும்பும் முகவரிக்கு அனுப்புகிறது. அது ஒருமுறைதான் செல்லும். ஆயுள் 10 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. செயலி அதைக் கொடுத்து ரோக்கனை வாங்குகிறது. கைபேசிச் செயலிக்குள் இரகசியச் சாவியை ஒளிக்க முடியாது, கோப்பைப் பிரித்தால் தெரிந்துவிடும். ஆகவே பிக்சி (PKCE) முறை கட்டாயம்: 43 முதல் 128 வரை எழுத்துள்ள எழுமாற்றுத் தொடரைச் செயலி தன்னிடம் வைத்துக்கொண்டு, அதன் ஹாஷை (மூலத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாதபடி கணித்த குறியை) மட்டும் முதலில் அனுப்பும், ரோக்கன் வாங்கும்போதுதான் மூலத்தைக் காட்டும்.

திரும்பும் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். தொடக்கம் பொருந்தினால் போதும் என்று விட்டால், அதே தொடக்கத்தோடு வேறொரு முகவரி அமைத்து இடைக்குறியைத் திருடலாம்.

சிலர் ரோக்கனைப் 'பாஸ்' என்று தமிழில் விளக்குகிறார்கள். வன்னியில் அந்தச் சொல் வேண்டாம். போர்க்காலத்தில் வன்னியை விட்டு வெளியேறவும் வவுனியாவில் தங்கவும் பாஸுக்காகக் காத்து நின்ற சனத்துக்கு அது வேறு சொல். பொருளும் பொருந்தாது. பாஸ் ஒருவர் பெயருக்கு எழுதப்பட்டது; ஆளையும் அடையாள அட்டையையும் பார்த்தே விட்டார்கள். ரோக்கனை யார் கொண்டுவந்தாலும் சேவையகம் ஏற்கும். ஆர்.எப்.சி. 6750 இதைக் கொணர்பவர் ரோக்கன் என்ற பொருளில்தான் பெயரிடுகிறது, கொணர்பவர் காசோலை போல.

காப்பு விதிகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. ரோக்கனை இணைய முகவரியில் ஒட்டக்கூடாது. சேவையகப் பதிவேட்டில் தங்கிவிடும். 32 பைற் எழுமாற்று எண்ணிலிருந்து ஆக்கி, தரவுத்தளத்தில் அதன் ஷா-256 (SHA-256) வகை ஹாஷை மட்டும் வைத்தால், தரவுத்தளம் களவுபோனாலும் ரோக்கன் போகாது. கடவுச்சொல்லுக்கான மெதுவான ஹாஷ் இதற்குத் தேவையில்லை. ஒவ்வொரு ரோக்கனுக்கும் பயனர், செயலி, வரம்பு (எந்தெந்த வேலைக்கு அனுமதி என்பது), கடைசியாகப் பயன்பட்ட நேரம் ஆகியவற்றையும் பதிந்து, பயனரே இரத்துச்செய்ய ஒரு பக்கம் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளுவது பெரும் தவறு.

ரோக்கன் சரியாக இருந்தும் 401, அதாவது செல்லுபடியான ரோக்கன் இல்லை என்ற பிழை எண், வருகிறதா? பல தளங்கள் சேர்ந்திருக்கும் பகிர்வு வழங்கிகளில் அடிக்கடி நடப்பது இது: அப்பாச்சி என்ற சேவையக மென்பொருள், சிஜிஐ (CGI) என்ற இணைப்பு முறை வழியே ஓடும் பிஎச்பி (PHP) நிரலுக்கு, ரோக்கன் வரும் அனுமதித் தலைப்புவரியைக் கடத்துவதில்லை. அப்பாச்சியின் 2.4.13 பதிப்பு முதல் அதற்கென்றே 'சிஜிஐபாஸ்ஓத்' (CGIPassAuth) கட்டளை உண்டு; அதை இயக்கினால் தீரும். உலாவிக்குள் ஓடும் செயலி மட்டும் தோற்றால், உலாவி முன்கூட்டி அனுப்பிக் கேட்டுப்பார்க்கும் முன்னோட்ட வேண்டுகோளிடமும் (preflight) ரோக்கன் கேட்கிறீர்களா என்று பாருங்கள். உலாவி அதில் ரோக்கனை அனுப்பாது. வரம்பு போதாதபோது 403, அதாவது இந்த வேலைக்கு அனுமதி இல்லை என்ற பிழை எண், கொடுங்கள். 401 கொடுத்தால் செயலி பயனரை வீணாக வெளியேற்றிவிடும்.

துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் சிக்னல் அறுந்தால் பதில் வழியிலேயே தொலையும். புது ரோக்கன் வாங்கக் காட்டும் புதுப்பிப்பு ரோக்கனை ஒவ்வொரு முறையும் மாற்றும் அமைப்பில், புதியது கைக்கு வராமலே பழையது செத்துவிடும். பயனர் மீண்டும் உள்நுழைய வேண்டும். சிறு தளத்துக்கு, மஸ்ரடோன் (Mastodon) சமூக வலைத்தள மென்பொருள் செய்வதுபோல், இரத்தாகும்வரை செல்லும் ஒரே ரோக்கன் போதும்.

தமிழில் என்ன சொல்வது? கலைச்சொல்லாக வழங்குவது 'வில்லை'. நம் பள்ளிப் பிள்ளைக்கு அது கண்ணாடி வில்லை, நோயாளிக்கு மருந்து. 'அடையாளத் துண்டு' கொணர்பவரின் அடையாளத்தைச் சொல்வதுபோல் மயக்கும். துண்டு எல்லோர் வாயிலும் இருக்கிற சொல். ஆகவே 'அனுமதித் துண்டு' என்பதே பொருந்தும். திரையில் இப்படி எழுதலாம்: 'இந்தச் செயலிக்குக் கொடுத்த அனுமதித் துண்டை இரத்துச்செய்க.'